அக்காவின் பயோடேட்டாவுக்கு நான் போட்ட பாஸ்வேர்டு

போன வருஷம் ஆடி மாதக் கடைசி. திருப்பதியில் நான் வாடகைக்கு இருக்கும் மாடி அறையில் காலை எட்டு மணிக்கு ஒரு போன் காலில் ஆரம்பித்தது, மத்தியானம் சத்தியவேட்டில் ஒரு லேடீஸ் ஹாஸ்டல் வாசலில் என்னை உட்கார வைத்துவிட்டது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சொந்த ஊர் நகரி. வீட்டில் விசைத்தறி. நான் திருப்பதியில் ஒரு காலேஜ் ஆபீசில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். எங்கள் சொந்தத்தில் யாருக்கு ஆதாரில் பிறந்த தேதி மாற வேண்டுமானாலும், யார் பிள்ளைக்கு ஹால் டிக்கெட் எடுக்க வேண்டுமானாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். போதாததற்கு எனக்கென்று சொந்தமாக ஒரு இணையப் பக்கம் வேறு. மலைக்கு வருகிற தமிழ்க்காரர்களுக்கு எந்த பஸ் எங்கே நிற்கும், லக்கேஜை எங்கே வைக்கலாம், காரம் குறைவாக எங்கே சாப்பாடு கிடைக்கும் என்று எழுதி வைத்திருந்தேன். நிறையப் பேர் படித்தார்கள். தலைக்கனம் வராமல் இருக்குமா? வந்தது. நன்றாகவே வந்தது.

அக்கா என்று நான் சொல்வது என் பெரியம்மா மகளை. எங்கள் ஜனத்திலேயே கட்டிக் கொடுத்தார்கள். நாலு வருஷம் அடி வாங்கினாள். கோர்ட்டில் விவாகரத்து ஆனது. அதன் பிறகு திருப்பதியில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் வேலைக்குச் சேர்ந்து, கொஞ்சம் சிரிக்க ஆரம்பித்திருந்தாள். அப்போது சொந்தக்காரர் ஒருவர், எப்படியாவது புருஷனும் பெண்டாட்டியும் ஒன்று சேரட்டும் என்கிற நல்லெண்ணத்தில், அவள் வேலை செய்கிற இடத்தை அந்த ஆளிடம் சொல்லிவிட்டார். அவன் வந்தான். நடுரோட்டில் ஹெல்மெட்டால் முகத்தில் அடித்தான். முன்பல் இரண்டு போயிற்று. போலீசில் புகார் கொடுத்தோம், இனிமேல் வர மாட்டேன் என்று அவனிடம் எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். அக்கா திருப்பதியை விட்டே போய் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். எந்தக் கம்பெனி என்று வீட்டில் யாரிடமும் அவள் சொல்லவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, பெரியம்மாவின் அழுகை தாங்காமல், இன்னொரு கல்யாணத்துக்குச் சம்மதித்தாள். ஆடியில் நாங்கள் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டோம். ஆனால் ஆவணி பிறந்ததும் பேசுவதற்கு வசதியாக ஆடிக் கடைசியிலேயே பயோடேட்டா கை மாற ஆரம்பித்துவிடும். இப்போது எல்லாம் வாட்ஸ்அப்தான். ஒரு குரூப்பில் போட்டால் ஒரு மணி நேரத்தில் பத்து குரூப்புக்குப் போய்விடும். அந்தப் பத்தில் பாதி குரூப்பில் அவனும் இருப்பான், அவனும் எங்கள் ஜனம்தானே.

"வாட்ஸ்அப்ல மட்டும் போட்ராதடி, உனுக்குப் புண்ணியமா போவும்" என்றாள் அக்கா. நான் பெரிய மனுஷி மாதிரி, "கவலைய உடு. என் பேஜ்ல தனியா ஒண்ணு பண்ணி பாஸ்வேர்டு போட்டுடறன். நாம சொன்னாதான் தொறக்கும்" என்றேன். எவ்வளவு தெனாவட்டாகச் சொன்னேன் என்பது இப்போதும் காதில் கேட்கிறது.

இணையத்தில் தேடி, பத்து வரி புரோகிராம் ஒன்றைக் காப்பி அடித்தேன். பக்கத்தைத் திறந்ததும் ஒரு சின்னப் பெட்டி வந்து பாஸ்வேர்டு கேட்கும். சரியாக அடித்தால் அக்காவின் விவரம் தெரியும். தப்பாக அடித்தால் 'தவறு' என்று சொல்லிவிட்டு வெள்ளையாக நிற்கும். பாஸ்வேர்டு எங்கள் ஜனத்துக்கு மறக்காததாக இருக்கட்டும் என்று பெரியம்மா சொன்னதால் எங்கள் குலதெய்வத்தின் பெயரையே இங்கிலீஷ் எழுத்தில் வைத்தேன். வெளி ஆளுக்குத் தெரியாது என்று நினைத்தேனே தவிர, நாங்கள் யாருக்குப் பயப்படுகிறோமோ அவன் அந்தக் கோயிலில் நாலு வருஷம் பொங்கல் வைத்தவன் என்பது என் மூளைக்கு எட்டவில்லை.

பக்கத்தில் எல்லாம் இருந்தது. வயது, நட்சத்திரம், படிப்பு, சம்பளம், காலை ஆறிலிருந்து இரண்டு மணி ஷிப்ட் என்பது, சத்தியவேட்டில் அவள் தங்கியிருக்கும் ஹாஸ்டலின் பெயர், தெரு. மாப்பிள்ளை வீட்டார் கேட்காமல் கொள்ளாமல் போய் அக்கம்பக்கத்தில் பெண்ணைப் பற்றி விசாரிப்பது எங்கள் பக்கம் வழக்கம். தங்குகிற இடம் போடவில்லை என்றால் எதையோ மறைக்கிறார்கள் என்பார்கள். அதனால் அக்காவிடம் போனில் கேட்டு அட்ரசை எழுதிக்கொண்டேன். பச்சைப் புடவையில் அவளை எங்கள் மொட்டை மாடியில் நிற்க வைத்து நானே எடுத்த படத்தையும் சேர்த்தேன். மூன்று குடும்பத்துக்கு மட்டும் போனில் பாஸ்வேர்டு சொன்னோம்.

அந்த மூன்றில் ஒருவர், புத்தூர்க்காரர், மாப்பிள்ளைக்கு அப்பா, அன்று காலை எட்டு மணிக்குக் கூப்பிட்டார்.

"இன்னாம்மா இது, நேத்துலருந்து அட்சிக்கினே கீறேன், தப்பு தப்புன்னே சொல்லுது. பொண்ண காட்டுவீங்களா மாட்டீங்களா?"

என் கம்ப்யூட்டரில் அடித்துப் பார்த்தேன். திறந்தது. மறுபடி அடித்தேன், திறந்தது. எழுத்து எழுத்தாக அவருக்குச் சொன்னேன். அவருடைய செல்போனில் மட்டும் 'தவறு'. எனக்குக் கோபம் தலைக்கேறியது. நான் செய்தது ஒன்று வேலை செய்யாமல் போவதாவது! புரோகிராம் எழுதுகிறவர்கள் சந்தேகம் கேட்கிற இணையக் குழு ஒன்று உண்டு. யார் வேண்டுமானாலும் கேட்கலாம், யாராவது பதில் சொல்வார்கள். அங்கே அந்தப் பத்து வரியையும் ஒட்டி, 'கம்ப்யூட்டரில் வேலை செய்கிறது, போனில் செய்யவில்லை, ஏன்?' என்று கேட்டேன். நான் என்ன முட்டாளா? பாஸ்வேர்டு இருந்த இடத்தில் நட்சத்திரக் குறிகளாகப் போட்டு மறைத்துவிட்டுத்தான் ஒட்டினேன். சோதித்துப் பார்க்கப் பக்கத்தின் முகவரியை மட்டும் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

திரும்பி வந்து உப்புமாவைத் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது பதில் வந்திருந்தது. எந்த ஊர்க்காரரோ, ஆணோ பெண்ணோ தெரியாது, இங்கிலீஷில் எழுதியிருந்தார். செல்போன் கீபோர்டு முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கிவிடும், கடைசியில் ஒரு இடைவெளியும் விட்டுவிடும், புரோகிராமுக்கு அது வேறு வார்த்தை, அதனால்தான் 'தவறு' என்கிறது. இது இரண்டே வரி. அட, இவ்வளவுதானா என்று ஒரு வாய் உப்புமாவை எடுத்து வைத்தேன்.

அதற்குக் கீழே இருந்ததை நான் சாகிற வரை மறக்க மாட்டேன். 'உங்கள் பாஸ்வேர்டை எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் அது இதுதானே' என்று எங்கள் குலதெய்வத்தின் பெயரை எழுத்துப் பிசகாமல் எழுதியிருந்தார். 'பச்சைப் புடவை கட்டிய பெண், அவர் தங்கும் விடுதி, தெரு, இரண்டு மணிக்கு வேலை முடியும் என்பது எல்லாம் என் முன்னால் இருக்கிறது. முதலில் இந்தப் பக்கத்தை எடுத்துவிடுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.'

உப்புமாத் தட்டைத் தள்ளி வைத்தேன். என்னை யாரோ கூட்டத்தில் வைத்துப் பளாரென்று அறைந்த மாதிரி இருந்தது. அவர் கடைசியில் எழுதியிருந்த வழிப்படி என் இணையப் பக்கத்திலேயே மவுசின் வலது பொத்தானை அழுத்தி, பக்கத்தின் உள்ளெழுத்தைக் காட்டு என்பதைத் தட்டினேன். இரண்டே தட்டு. பாஸ்வேர்டு அங்கே இருந்தது, அந்தப் பத்து வரிக்கு நடுவில், மேற்கோள் குறிக்குள். அதற்குக் கீழே அக்காவின் முழு ஜாதகம். பூட்டைப் போட்டுச் சாவியை அதே கதவில் ஆணியடித்து மாட்டியிருக்கிறேன்! அந்த மெனுவை எத்தனையோ வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். ஒரு நாளாவது அதைத் தட்டிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறதா?

இன்னொரு வரியும் எழுதியிருந்தார்: 'அந்தப் பெண்ணின் பெயரைத் தேடிப் பாருங்கள்.' தேடும் இடத்தில் அக்காவின் பெயரையும் நகரி என்பதையும் அடித்தேன். மூன்றாவதாக வந்து நின்றது என் பக்கம். பெயர், வயது, 'தங்குமிடம் சத்தியவேடு' என்று ஹாஸ்டல் பெயர் வரைக்கும் கறுப்பு எழுத்தில். தேடித் தருகிற இயந்திரம் பாஸ்வேர்டு பெட்டிக்கு முன்னால் நின்று தவிக்காது, பக்கத்தில் எழுதியிருப்பதை எல்லாம் வாரிக்கொண்டு போய்விடும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். மலைக்கு வருகிறவர்கள் தினமும் பார்க்கிற பக்கத்தின் அடியில் 'குடும்பம்' என்று ஒரு சின்ன இணைப்பு வைத்திருந்தேன். அந்த இயந்திரம் உள்ளே நுழைய அது போதுமாயிருந்திருக்கிறது.

பக்கத்தை அழித்தேன். அக்காவுக்குப் போன் போட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கம்பெனி கேட்டிலேயே போனை வாங்கி லாக்கரில் வைத்துவிடுவார்கள், இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்தால்தான் கையில் வரும்.

சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு பத்து நிமிஷம் வேறு மாதிரியும் யோசித்தேன். அழித்தாயிற்று, யார் பார்த்திருக்கப் போகிறார்கள், பேசாமல் ஆபீசுக்குப் போய்விடலாம், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று. ஆபீசுக்குப் போடச் சுடிதாரைக் கூட எடுத்து வைத்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. அக்கா ஓடிப்போனாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவன், கையில் ஒரு செல்போனை வைத்துக்கொண்டு, அவள் பெயரை ஒரு தடவையாவது தட்டிப் பார்க்காமலா இருப்பான்? வயிற்று வலி என்று ஆபீசுக்குச் சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

சத்தியவேடு பஸ்ஸில் காளஹஸ்தி வரைக்கும் நின்றுகொண்டே போனேன். சுற்றிலும் மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய தலைகள். எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டுவிட்டேன். குலதெய்வத்தின் பெயரை மட்டும் சொல்ல வாய் வரவில்லை.

ஹாஸ்டலைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. நான்தான் தெருப் பெயரோடு போட்டு வைத்திருந்தேனே. வாசலில் ஐம்பது வயது வார்டன் அம்மா நாற்காலி போட்டுக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "எவரு காவாலம்மா?" என்று தெலுங்கில் கேட்டார், யார் வேண்டும் என்று. நான் தமிழில் அக்காவின் பெயரைச் சொன்னதும் கீரையைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அந்தப் பேர்ல இங்க எவரும் லேதும்மா. நேத்தே சொன்னேனே."

"நேத்தா? நா நேத்து வர்லியேம்மா."

"நீ காது, நீ இல்ல. ஒரு ஆளு வந்தாரு, மத்தியானம். அண்ணன்னு சொன்னாரு. இதே பேரு. செல்லுல போட்டோ கூட காட்னாரு, பச்சப் பொடவ, பின்னால தண்ணி டேங்க்கு. நா தெலீதுன்னு சொன்னா நம்பல. அதோ, அந்த டீக்கடைல ரெண்டு கண்ட்டலு, ரெண்டு மணி நேரம் ஒக்காந்துனு, கம்பெனி பஸ்ஸு வர்றதெல்லாம் பாத்துனே இருந்தாரு."

எங்கள் மொட்டை மாடித் தண்ணீர் டேங்க். அந்தப் படம் உலகத்தில் வேறு எங்கேயும் இல்லை. வலது புருவத்தில் தழும்பு இருந்ததா என்று கேட்டேன். ஆமாம், கோடு மாதிரி, என்று விரலால் தன் புருவத்தின் மேல் இழுத்துக் காட்டினார். அக்காவைக் கட்டிக்கொண்ட வருஷத்தில் தறியில் பட்ட காயம் அது, எங்களுக்கெல்லாம் தெரியும்.

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். துப்பட்டாவை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு எதிர் டீக்கடையைப் பார்த்தேன். அவன் இல்லை. ஆனால் அக்காவும் இங்கே இல்லை என்கிறார்களே? ரிஜிஸ்டரைக் காட்டச் சொல்லிப் புரட்டிப் பார்த்தேன், மூன்று மாதத்தில் அவள் பெயரே கிடையாது. அப்படியானால் அவள் எங்கே? நேற்று பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே பிடித்துக்கொண்டு போய்விட்டானா? இந்த அம்மா பயந்துகொண்டு மறைக்கிறாரா? ஒன்றேகால் மணியிலிருந்து இரண்டு இருபது வரைக்கும் நான் பட்ட பாட்டை என் எதிரி கூடப் பட வேண்டாம். வார்டன் அம்மா எதுவும் கேட்காமல் ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து வைத்தார்.

இரண்டு இருபதுக்கு போன் அடித்தது. அக்கா.

"இன்னாடி, இத்தினி மிஸ்டு காலு? நைனாவுக்கு இன்னா ஆச்சி?"

குரலைக் கேட்டதும் ஓவென்று அழுதுவிட்டேன். எங்கே இருக்கிறேன் என்று சொன்னேன். அப்புறம் சொன்னாள்: "அங்க நிக்காத. மொதல் பஸ்ஸ புட்ச்சி வரதய்யபாளையம் வந்துடு."

வரதய்யபாளையத்தில் பஸ் நிற்கிற இடத்திலேயே, கம்பெனி சட்டையோடு, முழுசாக நின்றுகொண்டிருந்தாள். ஒரு மெஸ்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன்: பாஸ்வேர்டு, இங்கிலீஷ் பதில், தேடிப் பார்த்தது, பச்சைப் புடவைப் படம், டீக்கடை. சொல்லி முடித்ததும் எனக்கு வந்தது என்ன தெரியுமா? கோபம்! குற்றம் செய்தவள் நான், கோபமும் எனக்கே. "ஏங்கிட்டயே பொய் அட்ரஸ் குட்துக்கிறியே அக்கா, நா இன்னா அவன்கிட்ட சொல்லிடப் போறனா?" என்று கேட்டே விட்டேன்.

அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். கோபமே இல்லாமல் சொன்னாள், அதுதான் தாங்க முடியவில்லை.

"நீ அவன்கிட்ட சொல்ல மாட்ட. உங்கம்மாகிட்ட சொல்லுவ. உங்கம்மா எங்கம்மாகிட்ட சொல்லும். எங்கம்மா கோயில்ல அழுதுக்கினே நாலு பேர்கிட்ட சொல்லும். எல்லாம் பாசமாதாண்டி சொல்லுவாங்க. போன தபா அப்பிடித்தான் ரெண்டு பல்லு போச்சி. சத்தியவேட்டுல பஸ்ஸுல போவசொல்ல அந்த போர்டு கண்ணுல பட்டுச்சி, அதையே உனுக்கு சொல்லிட்டன். மூஞ்ச தூக்காத. துன்னு."

நான் போட்ட பூட்டு இரண்டு தட்டில் திறந்தது. அவள் வாயைத் திறக்காமல் வைத்திருந்த ஒரு சேதிதான் அவளைக் காப்பாற்றியிருக்கிறது. அந்த ஒரு வரி மட்டும் உண்மையாக இருந்திருந்தால் நேற்று மத்தியானமே அவள் அந்த டீக்கடைக்கு முன்னால் பஸ்ஸை விட்டு இறங்கியிருப்பாள்.

அப்போது பார்த்து என் போன் அடித்தது. புத்தூர்க்காரர்! "இன்னும் தொறக்கலியேம்மா, வேற பாஸ்வேர்டு எதுனா கீதா?" என்றார், நான் காலையிலேயே அழித்துவிட்ட பக்கத்தை இன்னும் தட்டிக்கொண்டு. நான் அழுவதா சிரிப்பதா என்று விழித்தேன். ஊர் உலகத்துக்கெல்லாம் வழிவிட்ட அந்தப் பூட்டு, யாருக்காகப் போட்டோமோ அந்த மனுஷரை மட்டும் கெட்டியாக வெளியே நிறுத்தி வைத்திருந்தது. அக்கா வாயைக் கையால் மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பல் போனதிலிருந்து அவள் அப்படித்தான் சிரிப்பாள். பிறகு போனை என்னிடமிருந்து வாங்கி, "மாமா, நா பொண்ணுதான் பேசறன். அதெல்லாம் தொறக்கவேணாம். ஆவணி பொறந்ததும் திருப்பதிக்கு வாங்க, நேர்லயே பாத்துக்குங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். அவர்களும் வந்து பார்த்தார்கள். பெண் ரொம்ப வாய் பேசுகிறாள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்று சாயங்காலமே போலீசில் புகார் கொடுத்தோம். வார்டன் அம்மா தானாக வந்து சாட்சி சொன்னார், ஹாஸ்டல் கேமராவில் பதிவானதையும் கொடுத்தார். இந்தத் தடவை எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிடவில்லை, வழக்குப் போட்டார்கள். தேடும் இடத்திலிருந்து அக்காவின் விவரம் முழுவதும் மறைய சில நாள் ஆனது. அதற்கு எங்கே எப்படி எழுதிக் கேட்க வேண்டும் என்று படிப்படியாகச் சொல்லிக் கொடுத்தவர் அந்த முகம் தெரியாத மனிதர்தான். அன்றைக்கு என் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு அவர் போயிருந்தால், முதல் எழுத்தைத் திருத்தி, பக்கம் போனிலும் அழகாகத் திறக்கிறது என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போயிருப்பேன்.

அக்கா இப்போதும் லீவு நாளில் திருப்பதிக்கு என் அறைக்கு வருகிறாள், சாப்பிட்டுவிட்டு மாடியில் படுத்துத் தூங்குகிறாள், சாயங்காலம் பஸ் ஏறிவிடுகிறாள். எந்த ஊரில் இறங்குகிறாள், எந்தத் தெருவுக்குள் நடந்து போகிறாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்க வேண்டும் என்று நாக்கு நுனி வரைக்கும் வரும்போதெல்லாம், கேட்காமல் இருப்பது ஒன்றுதான் நான் அவளுக்குச் செய்யத் தெரிந்த நல்ல காவல் என்று வாயை மூடிக்கொள்கிறேன்.